வரையாமல் விட்ட பெட்டி

எங்கள் வீட்டுப் பெண்கள் எங்களுக்கு வைத்திருந்த பெயர் ‘பொம்மை ஆபீசர்கள்’. அறுபதுகளின் நடுவில், ஞாயிற்றுக்கிழமை காப்பி ஆனதும் பம்பாய் மாட்டுங்காவில் என் வீட்டு முன்னறையில் ஐந்து பேர் கூடுவோம். நான்கு பேர் கோட்டைப் பக்கத்து ஆபீஸ்களில் குமாஸ்தாக்கள். ஐந்தாமவன் செம்பூரில் குடியிருந்துகொண்டு டிராம்பேயில் வரைபட வேலை பார்ப்பவன், என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். எல்லோருக்கும் முப்பது தாண்டியிருந்தது, எல்லோருக்கும் குடும்பம் இருந்தது, எல்லோருக்கும் சின்ன ரயில் ஓட்டும் பைத்தியம் இருந்தது. வெளிநாட்டு ரயில் செட்டுகள் கடையில் கிடைக்காத காலம் அது. சோர் பஜார் பழஞ்சாமான் சந்தையில் யாரோ கழித்துப்போட்ட எஞ்சினின் மோட்டார் அகப்பட்டால் வாங்கிவந்து, தகரத்தில் உடம்பு செய்து, தேயிலைப் பெட்டிப் பலகையைக் கீறி ஸ்லீப்பர் போட்டு, அதன்மேல் தண்டவாளம் அடித்து ஓட்டுவோம். ஓட்டிய நேரத்தைவிடப் பேசிய நேரம்தான் அதிகம்.

அந்தப் பேச்சை நாங்கள் பெரிய சாஸ்திரமாக நினைத்திருந்தோம். வளைவை எவ்வளவு அகலமாக எடுத்தால் வண்டி புரளாது? அச்சுக்கு எண்ணெய் ஒரு சொட்டா, இரண்டு சொட்டா? ஒரு சொட்டுதான், அதுவும் தையல் மிஷின் எண்ணெய், குண்டூசி முனையில் தொட்டு வைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஈயம் ஒட்டாவிட்டால் தகரத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஓடுகிற வண்டி திடீரென்று நின்றால் முக்கால்வாசி நேரம் குற்றம் தண்டவாளத்து அழுக்கில்தான், வண்டியைத் தூக்கிவிட்டு நன்றாகத் துடைக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் கேட்டால் நான் முந்திக்கொண்டு பதில் சொல்வேன். யோசனை சொல்வதில் எனக்கு அத்தனை ருசி. ஒரு பிள்ளையார் சதுர்த்தியோடு அந்த ருசி செத்துப்போனது.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இன்று யோசித்தால் மடத்தனம் என்று தெரிகிறது, அன்று அதை வழக்கம் என்றுகூட நாங்கள் அறியவில்லை. வீட்டுச் சுவரில் வரும் மின்சாரம் இருநூற்று முப்பது வோல்ட். எங்கள் வண்டிகளுக்கு இருபது போதும். நடுவில் டிரான்ஸ்பார்மர் என்ற கனமான இரும்புப் பெட்டி அதைக் குறைத்துக் கொடுக்கும். அது ஆளுக்கொன்று, வருஷக்கணக்காக மேஜைக்கடியில் உட்கார்ந்திருந்தது. அதனால் வயரிங் படம் வரையும்போது அந்தப் பெட்டியை நாங்கள் யாரும் வரைவதில்லை. காகிதத்தின் இடதுபக்கம் இரண்டு கோடு இழுத்தால், அவை பெட்டியிலிருந்து வருகிற இருபது வோல்ட் என்று ஐந்து பேருக்கும் தெரியும். ஆறாவது ஆள் வந்தபோது அதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆறாவது ஆள் தாராவியிலிருந்து வந்தார். திருநெல்வேலிக்குத் தெற்கே சொந்த ஊர், தகரப் பெட்டி செய்கிற பட்டறையில் வேலை. யாரோ சொல்லக் கேட்டு, ஒரு ஞாயிறு செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு வந்து வாசலில் நின்றார். பிரித்தால் ஒரு எஞ்சின். சோர் பஜார் மோட்டாரைச் சுற்றி, எண்ணெய் டின் தகரத்தில் அவரே வெட்டி மடித்த உடம்பு. ஜன்னல் ஓரங்களில் ஒரு பிசிறு இல்லை. ஸ்கேல் வைத்துக்கூட வெட்டவில்லையாம். என் எஞ்சின் அதன் பக்கத்தில் பிஸ்கட் டப்பா மாதிரி இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை அன்றைக்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

தாராவியில் அவர்கள் சந்தில் பிள்ளையார் வைக்கிறார்கள், பிள்ளையாரைச் சுற்றி இந்த வண்டி ஓட வேண்டும், கரண்ட் எப்படிக் கொடுப்பது என்று மட்டும் தெரியவில்லை என்றார். நான் அப்போது செம்பூர்க்காரனோடு வளைவு பற்றிக் காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வேகத்திலேயே நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் வரைந்தேன். இடதுபக்கம் இரண்டு கோடு. ஒரு கோட்டின் வழியில் ஒரு பல்பு. வண்டி புரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் பெட்டி புகைந்துவிடாமல் இருக்க, கார் முன்விளக்கு பல்பு ஒன்றை நாங்கள் அப்படி மாட்டுவோம். பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கிருந்து ஒரு கோடு தண்டவாளத்தின் நடுக்கம்பிக்கு, மற்றது இரண்டு ஓரக் கம்பிகளுக்கு. கார் பல்பு என்று எழுதவில்லை. பல்பு என்று மட்டும் எழுதினேன்.

அவர் தாளை வாங்கிக் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்தார். இடதுபக்கக் கோடுகளில் விரலை வைத்து, “இங்கெருந்து தொடங்கணுமா சார்?” என்று கேட்டார்.

“ஆமா, அங்கேர்ந்துதான். மத்ததெல்லாம் படத்துல இருக்கு” என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

போகும்போது இன்னொன்றும் கேட்டார். தண்டவாளத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொல்லியிருந்தேன். “சாமிகிட்ட மண்ணெண்ணெய் நாத்தம் ஆவாதுன்னு சொல்லுதாவ சார்.”

“அப்போ ஈரத்துணி போதும். வண்டியைத் தூக்கிட்டு, மணிக்கு ஒரு தடவை தொடைங்கோ.”

ரொம்ப சந்தோஷமாகக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் வளைவுச் சண்டைக்குத் திரும்பினேன், ஜெயித்ததாகவும் நினைத்துக்கொண்டேன்.

சதுர்த்தி தொடங்கி மூன்றாம் நாள், காலை பதினொரு மணி இருக்கும். ஆபீஸில் ஹெட் கிளார்க் மேஜைமேல் இருந்த போனில் எனக்கு அழைப்பு. சொந்தப் பேச்சு அங்கே குற்றம். ஹெட் கிளார்க் முறைப்பதைப் பார்க்காத மாதிரி எடுத்தேன். செம்பூர்க்காரன்தான். ஏதோ அரம் இரவல் கேட்கக் கூப்பிட்டவன், நடுவில் உற்சாகமாகிவிட்டான்.

“நேத்து சாயங்காலம் ஆத்துல எல்லாரையும் அழைச்சுண்டு தாராவி பிள்ளையார் பாக்கப் போயிருந்தேன்டா. உன் சிஷ்யன் அமர்க்களப்படுத்தியிருக்கான்.”

“ஓடறதா?”

“ஜோரா ஓடறது. வளைவுல கொஞ்சம் ஆடறது, நான் அப்பவே சொன்னேன், நீ கேக்கலை. பிள்ளையார் காதுக்குப் பக்கத்துல ஒரு பல்பு தொங்கறது பாரு, அதான் விசேஷம். வண்டி ஓடறச்சே பளிச்சுனு எரியறது. வண்டியைத் தூக்கினா அணைஞ்சுடறது. ஜனங்க அதையே வேடிக்கை பாத்துண்டு நிக்கறா.”

“கார் பல்பா?”

“இல்லடா, ஆத்து பல்பு. நூறு வாட். வெளிச்சம் நன்னாருந்தது.”

இருபது வோல்ட்டில் நூறு வாட் வீட்டு பல்பு எரியாது. உள்கம்பி லேசாகச் சிவந்தால் அதிகம். பளிச்சென்று எரிகிறது என்றால் வீட்டு மின்சாரம் முழுசாக அதன் வழியாகப் போகிறது. நடுவில் பெட்டி இல்லை. நான் வரைந்தபடியே, கோடு பிசகாமல், அந்த மனுஷர் இரண்டு வயரையும் நேராகச் சுவர் பிளக்கில் செருகியிருக்கிறார்.

“டிரான்ஸ்பார்மர் பாத்தியா?” என்றேன்.

“எங்கேயாவது அடியில…” என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். அவன் தேடிப் பார்க்கவில்லை. அந்தப் பெட்டியை எங்களில் யார் தேடினோம்? பிறகு “டேய்” என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

ஹெட் கிளார்க் மராத்திக்காரர். என்ன ஆயிற்று என்று, “க்யா ஹுவா?” என்றார். என் மனைவிக்கு உடம்பு மோசம் என்று இந்தியில் பொய் சொன்னேன். என் முகத்தைப் பார்த்து அவர் நம்பிவிட்டார், குடையை மறந்துவிட்டுப் போகிறீர்கள் என்று எடுத்துக் கொடுத்தார்.

வி.டி. ஸ்டேஷனில் ரயில் பிடித்தபோது மழை வலுத்திருந்தது. உட்கார இடம் இருந்தும் கதவோரம் நின்றேன். கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. வண்டி ஓடும்போது பல்பு பாரத்தைப் பாதிக்கு மேல் தாங்கிக்கொள்ளும், தண்டவாளத்தில் மிஞ்சுவது கொஞ்சம்தான். வண்டியைத் தூக்கிவிட்டால் பல்பு அணைந்துவிடும், மின்சாரம் ஓட வழியில்லாமல் இருநூற்று முப்பதும் அப்படியே கம்பியில் வந்து நிற்கும். யாராவது தொட்டால் அவர்தான் வழி. விளக்கு எரியும்போது ஆபத்துக் குறைவு, அணைந்திருக்கும்போது எமன். பார்க்கிறவர்கள் நேர்மாறாகத்தானே நினைப்பார்கள்? விளக்கு அணைந்தால் கரண்ட் இல்லை என்று கை வைப்பார்கள். அதோடு என் இரண்டாவது யோசனை வேறு. வண்டியைத் தூக்கிவிட்டு, மணிக்கொரு தடவை, ஈரத்துணியால்.

இரண்டு நாள் போய்விட்டதே, ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு மனசு சொன்னது. இரண்டு நாளும் மழை இல்லையே என்று இன்னொன்று சொன்னது. நல்ல மனுஷன் ஒருவன் அந்த நேரத்தில் அங்கே நிற்கும் ஜனங்களைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பான். நான் கவலைப்பட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் பரேல் தாண்டும்போது என் மனசு அந்த நாள்காட்டித் தாளைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதில் என் கையெழுத்து இருக்கிறது. போலீஸ் வந்தால் அதைக் காட்டுவார்கள். அதை முதலில் கையில் வாங்கிவிட வேண்டும் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

மாட்டுங்கா வந்ததும் ரயில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. முன்னால் சயன் ஸ்டேஷனில் தண்ணீர் என்றார்கள். குதித்து இறங்கி லேபர் கேம்ப் குடியிருப்பு வழியாகத் தாராவியை நோக்கி ஓட ஆரம்பித்தேன். குடையை எங்கே விட்டேன் என்று இன்றுவரை தெரியாது. முழங்கால் மட்டும் சேறு. ஒரு சந்தில் திரும்பியபோது பெண்கள் கும்பலாக நிற்பதைப் பார்த்து அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று மூச்சை நிறுத்தினேன். தண்ணீர்க் குழாய் வரிசை அது. இரண்டாவது சந்தில் ஒருவரிடம் பிள்ளையார் பந்தல் எங்கே என்று கேட்டேன். அவர் மேளச் சத்தம் வந்த பக்கம் கையைக் காட்டினார். மேளம் அடிக்கிறார்கள் என்றால் யாரும் சாகவில்லை. அப்படித்தான் என் புத்தி வேலை செய்தது.

பந்தல் மூங்கிலும் பாயும் போட்டது. மழை ஒரு பக்கத்துப் பாயைக் கிழித்துக்கொண்டு உள்ளே வழிந்துகொண்டிருந்தது. தரையில் போட்ட பலகைகள் நனைந்து கறுத்திருந்தன. நான் முதலில் பார்த்தது பல்பை. பிள்ளையார் காதோரம் அது அணைந்து தொங்கியது. எஞ்சின் பக்கத்தில் ஒரு தட்டில் பூவோடு வைக்கப்பட்டிருந்தது. வெறும் தண்டவாளத்துக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள், செருப்பில்லாத ஈரக் கால்களோடு. முன்னால் நின்ற கிழவி குனிந்து ஒரு விரலால் கம்பியைத் தொடப் போனாள், பக்தியோடு, சாமி பாதத்தைத் தொடுகிற மாதிரி.

என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. மேளம் நின்றுவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். கிழவி விரலை இழுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “தொடாதேள்! யாரும் தொடாதேள்! பிளக் எங்கே?” என்று கேட்டுக்கொண்டே முன்னால் பாய்ந்தேன். பல்பைக் கழற்றினால் போதுமா என்று ஒரு கணம் கை அதை நோக்கிப் போனது. பல்பு இருப்பது ஒரு வயரில் மட்டும். பிளக்கை எப்படித் திருப்பிச் செருகியிருக்கிறார்களோ, எந்த வயரில் உயிர் இருக்கிறதோ, பாதிக்குப் பாதி. அந்தப் பாதியை நம்ப எனக்குத் தைரியம் இல்லை. தகரப் பட்டறைக்காரர் பிள்ளையாருக்குப் பின்னாலிருந்து திகைத்துப்போய் எழுந்தார். “பிளக்கைப் பிடுங்குங்கோ!” என்றேன். கேள்வி கேட்காமல் பிடுங்கினார்.

அப்படியே ஈரப் பலகையில் உட்கார்ந்தேன். உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, வந்த உயிர் முழுசாக வரவில்லை.

அவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. முதல் நாளே துடைக்கும்போது அவர் மனைவிக்கு விரலில் சிலுசிலுவென்று ஏறியிருக்கிறது. காய்ந்த பலகைமேல் நின்றிருந்ததால் அதோடு போயிற்று. அவரும் தொட்டுப் பார்த்திருக்கிறார். தகரம் வெட்டிக் காய்த்த கை, காலில் ரப்பர் செருப்பு, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பயந்தாங்கொள்ளி என்று அவளைக் கேலி செய்தாராம். பக்கத்து வீட்டுக் கிழவி தொட்டுப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிள்ளையார் இறங்கியிருக்கிறார் என்றாள். மறுநாளிலிருந்து வண்டி ஓட்டம் முடிந்ததும் தண்டவாளத்தைத் தொட வரிசை. அடுத்த சந்திலிருந்தெல்லாம் வந்திருக்கிறார்கள்.

பிள்ளையார் விழாக் கமிட்டிப் பெரியவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஷாக் என்ற சொல் அதற்குள் பந்தல் முழுக்கப் பரவியிருந்தது. “ஏம்வே, ஒழுங்கா தெரியாம கரண்டுல கை வைக்கலாமா? நாலு உசுரு போயிருந்தா யாருவே பதில் சொல்லுவா?” என்று பட்டறைக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

அவர் சட்டைப் பையிலிருந்து நாள்காட்டித் தாளை எடுத்துப் பிரித்தார். வியர்வையில் மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. “சார் சரியாத்தான் எழுதிக் குடுத்தாவ. நாந்தான் எங்கனயோ மாத்திட்டேன் போலிருக்கு. படிச்சவுக போட்ட படம், அதுல தப்பு வராது” என்றார். பிறகு என்னிடம், “எங்க சார் தப்புனேன்? நீங்க போட்ட மாதிரிதான செஞ்சேன்?” என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். கமிட்டிப் பெரியவரின் முழங்கை என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது, பின்னால் இளவட்டங்கள் நின்றார்கள், நான் தனி ஆள். “பரவாயில்லை, ஒரு பெட்டி வேணும். நான் கொண்டுவந்து மாட்டித் தரேன்” என்றேன். தாளை அவர் கையிலிருந்து வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கமிட்டிப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் பெயரைக் கெடுத்துவிட்டதாக என்னிடமும் கேட்டார்.

கூட்டம் கலைந்து, மேளம் மறுபடி ஆரம்பித்தது. எழுந்து போக நினைத்தபோது அவர் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, ஒரு வயது இருக்கும், தலையெல்லாம் மழைத்துளி. அவளும் அந்த வரிசையில்தான் நின்றிருந்தாள், கிழவிக்கு அடுத்த ஆளாக. நான் கத்தியபோது அவள் கையில் இந்தக் குழந்தை இருந்தது.

“ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா” என்றாள். “நேத்து இவ விரலப் பிடிச்சு நாந்தான் கம்பியில வச்சேன். சிரிச்சா. இன்னைக்கும் அதுக்குத்தான் தூக்கிட்டு நின்னேன். அப்ப அது சாமி இல்லியா ஐயா?”

கமிட்டிக்குச் சொல்லாமல் விழுங்கியதை இவளிடம் விழுங்க முடியவில்லை. “இல்லம்மா” என்றேன். “அது நான் பண்ணின தப்பு. படம் நான்தான் தப்பா போட்டேன். உங்க வீட்டுக்காரர் அதுல இருந்தபடியே செஞ்சார். அவர் மேல ஒரு தப்பும் இல்லை.”

அவள் திட்டுவாள், கமிட்டியைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் குழந்தையின் வலதுகையை எடுத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். முந்தானையால் அந்த விரல்களைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் இருந்த இடுப்பிலிருந்து குழந்தையை எடுத்து மறுபக்கத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.